பேச்சிழந்த ஏலக்காரர்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, நடுவிலே நிமிர்ந்து அமர்ந்திருக்கும் எங்கள் ஏலக்கூடத்தின் முதலாளியம்மா அவர்களே! எங்கே ஒலிவாங்கி தன் பக்கம் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் மேடையின் ஓரத்துக்கு நாற்காலியை நகர்த்திக்கொண்டிருக்கும் பாலிஷ்காரர் அண்ணன் அவர்களே! நாற்காலி கிடைத்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! நாற்காலி கிடைக்காமல், அடுத்த ஏலத்துக்கென்று துடைத்து வைத்திருக்கும் கட்டில்களிலும் மேசைகளிலும் கால் தொங்க அமர்ந்திருக்கும் இளைஞர்களே! பாரம் ஏற்றியும் பாரம் இறக்கியும் இந்த ஊரின் சாமான்களையெல்லாம் ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்கு மாற்றிய வண்டிக்காரத் தோழர்களே! வேலையை விட்டு, வீட்டைப் பூட்டி, வெயிலைப் பாராமல் வந்திருக்கும் தாய்மார்களே! ஏலம் கேட்க வந்து, இன்று ஏலம் இல்லை என்று தெரிந்த பிறகும் எழுந்து போகாமல் இருக்கும் அந்தக் கடைசி வரிசைப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் ஏலக்காரரின் பேத்தியுடைய எளிய வணக்கம்.

நான் பேச்சாளி இல்லை. லிஃப்ட் பழுதுபார்ப்பது என் தொழில். நான் போகிற இடமெல்லாம் மனிதர்கள் மேலே ஏற முடியாமல் நிற்பார்கள். இன்று என்னையே மேலே ஏற்றிவிட்டு நீங்கள் வேடிக்கை பார்க்கிறீர்கள். பரவாயில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டனார் பேசிய மேடையில் பேத்தி தடுமாறினால், அது குடும்பத்துக்குள் நடக்கிற விஷயம்தானே!

வாசலில் இரங்கல் கூட்டம் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எழுதியவர் கையெழுத்து அழகு; அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், எங்கள் வீட்டில் இரங்கலைவிட இன்று நிறைந்து நிற்பது நிம்மதி. ஆம், நிம்மதி! என்ன இது, தாத்தா செத்ததில் நிம்மதியா என்று முகம் சுளிக்காதீர்கள் அம்மா. கொஞ்சம் பொறுங்கள். அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது, எத்தனை பயத்தைத் தாண்டி வந்தது, அதைச் சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

எங்கள் தாத்தா யார்? இந்தக் கூடத்தில் ஏலம் விட்டவர் என்று நீங்கள் சொல்வீர்கள். அதற்கு முன்னால் அவர் என்னவாக இருந்தார் என்று கேளுங்கள். என்னவாகத்தான் இல்லை என்று கேளுங்கள்! கப்பலில் சமையல்காரருக்கு எடுபிடியாக இருந்தார். வெங்காயம் நறுக்குகிறவர்கள் அழுவார்கள். இவர் நறுக்கினால் பக்கத்தில் நிற்பவர்கள் சிரித்துச் சிரித்து அழுவார்களாம். சர்க்கஸில் அறிவிப்பாளராக இருந்தார். ஒருநாள், "பெரியோர்களே, இன்னிக்கு சிங்கத்துக்கு வயித்து வலி. அது உறுமாது, முனகும். தயவு பண்ணி அதுக்கும் ஒரு கைதட்டு குடுங்க" என்று உண்மையை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முதலாளி எழுந்து நின்று வேலையைவிட்டு அனுப்பினார்! காப்பீடு விற்கப் போனார். முதல் வாடிக்கையாளரின் கையைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் பிடி பிடிக்கிற ஆளுக்கு எமன் பக்கத்துலயே வர மாட்டான். உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். அந்த வேலை அன்று காலை தொடங்கி அன்று மாலையே முடிந்தது.

வேலைகள் அவரை விட்டன. ஆனால் வார்த்தை அவரை விடவில்லை. அந்த வார்த்தையை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு இந்தக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் நின்றார், நின்றவர் நிலைத்தார்.

அவர் ஏலம் விட்டதைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். அடேயப்பா! இத்தனை கையை அவர் பார்த்திருந்தால் இந்தக் கூரையைக்கூட விற்றிருப்பார்.

கிரீச்சென்று சத்தம் போடுகிற கட்டில் ஒன்று வந்தது. யாரும் சீந்தவில்லை. தாத்தா அதன் மேல் ஏறிப் படுத்து ஒருமுறை புரண்டார். "கேட்டீங்களா? திருடன் வந்து உக்காந்தா உங்களுக்குத் தெரியும். நீங்க புரண்டா திருடனுக்குத் தெரியும். ரெண்டு பேரும் ஜாக்கிரதையா இருக்கலாம்!" என்றார். கட்டில் போயிற்று. ஒரு சாப்பாட்டு மேசை வந்தது. "இந்த மேசையில உக்காந்து சாப்ட்ட குடும்பத்துல ஒருநாள்கூட சண்டை வந்ததில்ல" என்றார். கூட்டம் வியந்து நின்றது. "அந்த வீட்டுல யாருக்கும் காது கேக்காது" என்று முடித்தார். மேசையும் போயிற்று. நாற்காலி ஒன்றுக்கு ஒரு கால் ஆடிற்று. "மூணு கால் வேலை செய்யுது, நாலாவது கால் சும்மா பேருக்கு நிக்குது. உங்க ஆபீஸ்ல இல்லாத ஆளா?" என்றார். அதை வாங்கிக்கொண்டு போனவர் ஓர் அலுவலக மேலாளர்!

இன்னொன்று. இந்தக் கூடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கை தூக்கினால் தூக்கியதுதான். தலை சொறியத் தூக்கினாலும் சரி, ஈ விரட்டத் தூக்கினாலும் சரி, அது ஏலம் கேட்டதாகவே கணக்கு. ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா ஒருவர், பாவம், எதிர்ப்பக்கம் நின்ற நண்பருக்கு வணக்கம் வைக்கக் கை தூக்கினார். தாத்தா சுத்தியலைத் தட்டினார். ஐயாவுக்கு இரட்டைக் கதவு பீரோ ஒன்று வந்து சேர்ந்தது. அதோ, மூன்றாம் வரிசையில் அவரே சிரிக்கிறார். பீரோ நன்றாக இருக்கிறதா ஐயா? என்னது? கதவு திறக்கவில்லையா? திறக்காவிட்டால் என்ன, திருட்டுப் போகாது என்றிருப்பார் தாத்தா!

இப்படி ஊரையெல்லாம் சிரிக்க வைத்தவருக்கு ஒரே ஒரு தோல்வி. அந்தத் தோல்வி எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றது. என் அம்மா.

என் அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். விறைப்பான வெள்ளைத் துணிகளையே மடித்து மடித்து, முகமும் மடிப்புக் கலையாமல் இருக்கும். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல் தாத்தா அவளைச் சிரிக்க வைக்கப் பாடுபட்டார். காலையில் ஒரு நகைச்சுவை, மாலையில் ஒரு நகைச்சுவை, பாயசம் மாதிரி நடுவில் ஒன்று. நாங்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருள்வோம். அம்மா மட்டும், "சரி மாமா, சாப்புடுங்க, ஆறுது" என்பாள். அவ்வளவுதான்! தாத்தா எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார். "இருக்கட்டும். சிரிப்பு உள்ளதான் இருக்கு. பூட்டி வச்சிருக்கா" என்பார். அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியாமல் இல்லை; இந்த மனிதருக்கு இடம் கொடுத்தால் வீடு தாங்காது என்ற பயம். அவளே எனக்குச் சொன்னாள். சொல்லட்டுமா அம்மா? சொல்லிவிட்டேன்.

பெரியோர்களே! இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீட்டில்தான் அந்தப் பகல் வந்தது.

இதே கூடம். இதே மேடை. ஆளுயரக் கண்ணாடி ஒன்று ஏலத்துக்கு நின்றது. தாத்தா அதன் பக்கத்தில் நின்று, "இந்தக் கண்ணாடி பொய் சொல்லாது. ஆனா நீங்க வெளிச்சத்தைக் கொறச்சா அதுவும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்" என்று தொடங்கினார். கூட்டம் சிரித்தது. அடுத்த வாக்கியத்துக்கு வாய் திறந்தார். "இந்தக் கண்ணாடி... தொப்பி... மழைக்குக் கதவு... கதவு தொப்பி..." என்றார்.

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. ஏன் சிரிக்காது? அவர் சொன்னால் அது நகைச்சுவைதானே! அவர் மீண்டும் முயன்றார். வார்த்தைகள் ஒன்றோடொன்று மோதி விழுந்தன. அவர் கண்ணில் பயம் தெரிந்தது. சிரிப்பு நிற்கவில்லை. ஒரு மனிதர் மூழ்கிக்கொண்டிருக்கிறார், கரையில் நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள்! அன்று சிரித்தவர்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை. அவர்களில் பலர் இங்கே இருக்கிறீர்கள். அவர் உங்களை அப்படிப் பழக்கி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

ஆனால் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. இதோ இந்தப் பாலிஷ்காரர் அண்ணன். இவர் பேசி யாராவது கேட்டிருக்கிறோமா? மரத்தைத் தேய்க்கும் சத்தம்தான் இவருடைய பேச்சு. இவர் ஓரத்தில் நின்று பார்த்தார். தாத்தாவின் வலது கையிலிருந்து சுத்தியல் நழுவுவதைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணுவதைப் பார்த்தார். துணியைத் தூக்கி எறிந்துவிட்டு மேடைக்குத் தாவினார். "நிறுத்துங்க! யாரும் சிரிக்காதீங்க! இவருக்கு என்னமோ ஆகுது!" என்று கத்தினார். நாலைந்து பேர் மேடைக்கு ஓடி வந்தார்கள். விலைக்கு நின்ற சோபாவில் தாத்தாவைச் சாய்த்தார்கள். முதலாளியம்மா தன் கையாலேயே கதவைத் திறந்துவிட, சாமான் ஏற்றுகிற வேனில் ஏற்றி மருத்துவமனைக்குப் பறந்தார்கள்.

"நேரத்தோட கொண்டுவந்துட்டீங்க. உயிருக்கு ஆபத்து இல்ல" என்றார் மருத்துவர். அண்ணே, அந்த ஒரு வரிக்காக எங்கள் குடும்பம் உங்களுக்கு என்ன கைம்மாறு செய்யும்! வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டாதீர்கள். கை தூக்கினால் தூக்கியதுதான்; அடுத்த ஏலத்துக் கட்டில் உங்கள் தலையில் விழுந்துவிடும்.

உயிர் வந்தது. ஆனால் பேச்சு வரவில்லை.

பக்கவாதம் வலது கையைத் தளர்த்திவிட்டது. மூளையில் பேச்சு இருக்கும் இடத்தைத் தொட்டுவிட்டது. வாயைத் திறப்பார், காற்று வரும். கையை அசைப்பார், எங்களுக்குப் புரியாது. வீட்டுக்கு வந்த பிறகு ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தோம். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருவர் வந்தார், நல்ல பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகளைக் காட்டுவார். "இது என்ன தாத்தா? கோப்பை. சொல்லுங்க, கோப்பை." தாத்தா கோப்பையைப் பார்ப்பார். உதடு நடுங்கும். ஒலி வராது. கண்ணில் நீர் கட்டும். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஆயிரம் பேருக்குக் கட்டிலையும் கண்ணாடியையும் வருணித்த வாய்க்கு ஒரு கோப்பை கிடைக்கவில்லையே! இதைவிடக் கொடுமை உண்டா?

உண்டு. அதைவிடக் கொடுமை, அவரைப் பார்க்க வந்தவர்கள் பேசிய விதம். சிலர் அவருக்குக் காது கேட்காது என்று நினைத்து உரக்கக் கத்தினார்கள். சிலர் குழந்தையிடம் கொஞ்சுவது போலக் கொஞ்சினார்கள். இன்னும் சிலர் அவரிடம் பேசவே இல்லை. அவர் தலைக்கு மேலே எங்களைப் பார்த்து, "சாப்ட்டாரா? தூங்கினாரா? ஏதாவது புரியுதா இவருக்கு?" என்று கேட்டார்கள். அறையில் ஒரு பழைய அலமாரி இருப்பது போல அவர் இருந்தார். நாளாக நாளாக அவரும் அலமாரி மாதிரியே ஆகிக்கொண்டிருந்தார். விருந்தாளி வந்தால் கண்ணை மூடிக்கொண்டார். கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் எங்கள் தொழிலில் முதல் வேலை என்ன தெரியுமா? கருவியை எடுப்பதில்லை. கதவைத் தட்டி, உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிடுவோம். எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்விதான் ஒவ்வொருவர் தொண்டையிலும் சிக்கி நின்றது. தாத்தா உள்ளே இருக்கிறாரா? அந்தக் குறும்பு இருக்கிறதா? இல்லை, உடம்பை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டு ஆள் போய்விட்டாரா? கேட்கத் துணிவில்லை. பதில் இல்லை என்று வந்துவிட்டால் என்ன செய்வது?

அம்மா மட்டும் மாறவில்லை. "மாமா, மூஞ்சியைத் திருப்பினா கஞ்சி சூடாகிடுமா? வாயைத் தொறங்க" என்று பழையபடி அதட்டினாள். பதில் வராத மனிதரோடு தினமும் சண்டை போட்டாள். சலவைக்கூடத்தில் நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, அவர் ஏதோ சொன்னதுபோல, "ஆமா, நானும் அதான் நெனச்சேன்" என்று பதிலும் சொன்னாள். எங்களுக்கு அது பரிதாபமாக இருந்தது. அது எத்தனை பெரிய மரியாதை என்று பிறகுதான் புரிந்தது.

மாதங்கள் ஓடின. ஒரு விடுமுறை நாள் காலையில் அத்தையும் சித்தப்பாவும் வீட்டுக்கு வந்தார்கள். அத்தை என் அப்பாவுக்கு அக்கா, சித்தப்பா தம்பி. தாத்தாவை இனி யார் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்யத்தான் வந்தார்கள். பொல்லாதவர்கள் இல்லை அவர்கள். அதோ இருக்கிறார்கள், பாருங்கள், எத்தனை சாதுவான முகங்கள்! அப்பாவும் அம்மாவும் வேலைக்கும் வீட்டுக்குமாக அலைந்து களைத்திருந்தார்கள். எல்லோருக்கும் பாசம் இருந்தது. எல்லோருக்கும் பயம் இருந்தது. பாசத்தை வாயால் சொல்லத் தெரியாமல் பயத்தைப் பேசினார்கள்.

வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேச்சைத் தொடங்கினார்கள். ஜன்னலோரம் தாத்தா. முன்னால் சின்ன மேசை. மேசையில் காலிக் கிண்ணமும் ஒரு கரண்டியும்.

"என் வீடு மாடியில இருக்கு. அப்பாவால அத்தனை படி ஏற முடியுமா, நீயே சொல்லு" என்றாள் அத்தை.

"எனக்கு மட்டும் என்ன, இருக்கறது ரெண்டே ரூம். பிள்ளைங்க படிக்கணும். கொஞ்ச நாள்னா நான் வச்சுக்கறேன்" என்றார் சித்தப்பா.

"நான் வச்சுக்க மாட்டேன்னா சொன்னேன்? பகல்ல நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம். யாரு பாக்கறது?" என்றார் அப்பா.

"ஆளுக்குக் கொஞ்ச மாசம்னு பிரிச்சுக்கலாமா?" என்றார் சித்தப்பா.

"இங்கேயும் அங்கேயும் தூக்கிட்டு அலைய முடியுமாடா? முதியோர் இல்லம் ஒண்ணு நல்லா இருக்காம். நர்ஸ் எல்லாம் இருக்காங்களாம்."

"அப்பா ஒத்துக்குவாரா?"

"அவருக்கு இப்ப என்ன புரியப் போகுது..."

அத்தை அதைச் சொல்லி முடிக்கவில்லை. ஜன்னல் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டது. பிறகு ஒரு குரல். துருப்பிடித்த குரல், ஆனால் தெளிவான குரல்.

"ஒரு... தரம்."

எல்லாத் தலைகளும் திரும்பின. தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையில் கரண்டியைப் பிடித்திருந்தார். கண்கள் ஒவ்வொரு முகமாகச் சுற்றி வந்தன. அத்தையிடம் நின்றன. சித்தப்பாவிடம் நின்றன. அப்பாவிடம் நின்றன. யாராவது கேட்கிறீர்களா, யாருக்காவது வேண்டுமா என்று இந்த மேடையிலிருந்து உங்களைப் பார்ப்பாரே, அதே பார்வை!

"ரெண்டு... தரம்."

அவர் தன்னையே ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்! தன் பிள்ளைகளின் நடுவே, தன்னையே சாமானாக நிறுத்தி, தானே ஏலக்காரராக நின்று, விட்டுக்கொண்டிருந்தார்! அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். கை தூக்கவும் முடியவில்லை, தூக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், கையெல்லாம் சோப்பு நுரை. "என்ன, எல்லாரும் திடீர்னு அமைதியாயிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்க முழங்கையை மடித்துக் கையைத் தூக்கினாள்.

கை தூக்கினாள்!

"மூணு தரம்!"

கரண்டி கிண்ணத்தில் விழுந்து கணீரென்றது. தாத்தாவின் இடது கை அம்மாவை நோக்கி நீண்டது. சாமான் உங்களுக்குத்தான், எடுத்துக்கொண்டு போங்கள்!

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். நுரை வழிகிற தன் கையைப் பார்த்தாள். புரிந்தது. உதடு துடித்தது. பிறகு சிரித்தாள் பாருங்கள்! அத்தனை வருடமாகப் பூட்டி வைத்த சிரிப்பெல்லாம் ஒரே நேரத்தில் கதவை உடைத்துக்கொண்டு வந்தது. நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவளைப் பார்த்து அப்பா சிரித்தார், சித்தப்பா சிரித்தார், அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். நடுவிலே தாத்தா, கோணல் வாயால், உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னமோ ஏதோ என்று ஓடி வந்து கதவைத் தட்டினார்கள்!

அந்த நிமிடம் எங்கள் நெஞ்சில் இறங்கிய நிம்மதியை நான் எந்தச் சொல்லால் சொல்வேன்? இருக்கிறார்! தாத்தா இருக்கிறார்! அதே குறும்போடு இருக்கிறார்! எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, எங்களையெல்லாம் மிஞ்சிக்கொண்டு இருக்கிறார்!

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரி மாமா. கை தூக்கினா தூக்கினதுதான். நானே எடுத்துக்கறேன். ஆனா ஒண்ணு, இனிமே கஞ்சியைத் தள்ளிவிட்டா நான் யாருக்காவது திருப்பி வித்துடுவேன்" என்றாள். ஐயா, அம்மா சொன்ன முதல் நகைச்சுவை அது! தாத்தா தொடையில் தட்டி ரசித்தார்.

அத்தை அவர் காலடியில் உட்கார்ந்தாள். "அப்பா, உங்களுக்கு எல்லாம் புரியுதாப்பா? இத்தனை நாளாவா?" என்றாள். தாத்தா ஒரு புருவத்தைத் தூக்கி அவளைப் பார்த்தார். இப்போதாவது கேட்டாயே என்ற பார்வை. பிறகு அவள் தலையில் கை வைத்தார். அவள் சொன்னதற்கான கோபம் அந்தக் கையில் கொஞ்சமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சை ஒழுங்காகத் தொடங்கினோம். அவரை நடுவில் வைத்து, அவர் முகத்தைப் பார்த்து. எங்கே இருக்க விருப்பம்? இங்கேயா? தலையை ஆட்டினார். பகலில் சித்தப்பா வந்தால் சரியா? உதட்டைப் பிதுக்கினார், சகித்துக்கொள்கிறேன் என்று பொருள். அத்தை வந்து தங்கட்டுமா? இரண்டு கையையும் கூப்ப முயன்றார். வேண்டாம் தாயே என்று பொருள். எல்லோரும் மறுபடி சிரித்தோம். அத்தையும் வந்தாள், சித்தப்பாவும் வந்தார், ஏலக்கூடத்துத் தோழர்கள் முறைபோட்டு வந்தார்கள். எல்லாம் நடந்தது. முடியாது என்று நாங்கள் நினைத்ததெல்லாம் நடந்தது.

பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் இதைக் கேட்டதும் துள்ளிக் குதித்தார். பல்லாயிரம் முறை சொல்லிப் பழகிய சொற்களும், பாட்டாகப் பாடிய சொற்களும் மூளையில் வேறு வழியாக வரக்கூடும் என்று விளக்கினார். படத்து அட்டைகளைப் பைக்குள் போட்டார். தாத்தாவின் ஏல ராகத்தையே பிடித்துக்கொண்டார். தினமும் எங்கள் வீட்டில் ஏலம்! காபி ஏலத்துக்கு வரும், செருப்பு ஏலத்துக்கு வரும், சித்தப்பாவின் வழுக்கைத் தலை ஏலத்துக்கு வரும். ராகத்தோடு ராகமாக வார்த்தை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டது. முன்பு ஓடிய ஆறு திரும்பி வரவில்லை. சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஆனால் அந்தச் சொட்டிலும் காரம் குறையவில்லை. ஒருநாள் மருத்துவர் உப்பைக் குறைக்க வேண்டிய அவசியம் பற்றி மூச்சு விடாமல் பேசினார். தாத்தா பொறுமையாகக் கேட்டார். பிறகு பயிற்சிக்காரப் பெண்ணைப் பார்த்து, மருத்துவரைக் காட்டி, "இவருக்கும்... பயிற்சி... குடு" என்றார். மருத்துவர் சிரித்த சிரிப்பில் அவர் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பே நழுவிற்று.

இந்தக் கூடத்துக்கும் திரும்பி வந்தார். உங்களுக்குத் தெரியும். புதிய ஏலக்காரர் தம்பி பொருளை வருணிப்பார். தாத்தா முன்வரிசையில் உட்கார்ந்து முகத்தாலேயே கருத்துச் சொல்வார். அந்த முகத்தைப் பார்க்கவே கூட்டம் கூடியது. வாய் பேசியபோது வந்ததைவிட அதிகக் கூட்டம் என்று முதலாளியம்மா சொல்கிறார். ஆமாம்தானே அம்மா? ஆமாம் என்கிறார்!

அன்பு நெஞ்சங்களே! அப்படிச் சில ஆண்டுகள் இருந்தார். எங்களுக்குக் கொசுறாகக் கிடைத்த ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் நாங்கள் அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்றுமில்லை. கேட்காமல் விட்டது ஒன்றுமில்லை. அதனால்தான் இன்று எங்கள் துக்கத்தில் உறுத்தல் இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், பேச முடியாமல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா? ஜன்னலோரத்தில் ஒருவர், கட்டிலில் ஒருவர், சக்கர நாற்காலியில் ஒருவர் இருக்கிறாரா? அவர் தலைக்கு மேலே பேசாதீர்கள்! அவர் முன்னால் அவரைப் பங்கு போடாதீர்கள்! நா அடங்கியதால் நினைவு அடங்கிவிட்டது என்று யார் சொன்னது? சொல் தளர்ந்ததால் சுயமரியாதை தளர்ந்துவிட்டது என்று யார் சொன்னது? அவர் எதிரே உட்காருங்கள். கண்ணைப் பாருங்கள். கேள்வியைக் கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே நீங்களே பதில் சொல்லாமல், கொஞ்சம் காத்திருங்கள்! பதில் வார்த்தையாக வரலாம், விரலாக வரலாம், புருவமாக வரலாம். என் அம்மாவைப் போலச் சண்டை போடுங்கள், அதுவும் அன்புதான். ஆனால் மனிதராக நினைத்துச் சண்டை போடுங்கள்!

அவருடைய கடைசிக் காலையைச் சொல்லி முடிக்கிறேன்.

திரும்பி வந்த சொற்களில் அவருக்கு மிகவும் பிடித்த சொல், "பரவால்ல". அம்மா காபி கொடுப்பாள். "எப்படி மாமா இருக்கு?" என்பாள். "பரவால்ல" என்பார். ஒருநாள்கூட அதற்கு மேல் மதிப்பெண் போட்டதில்லை. அம்மாவும் விடாமல் கேட்டாள். அவரும் விடாமல் அதையே சொன்னார்.

அன்று காலை ஜன்னலில் நல்ல வெளிச்சம். தாத்தா காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அம்மா கோப்பையை வாங்கிக்கொண்டே, "எப்படி மாமா?" என்றாள்.

"நல்லா... இருக்கு" என்றார்.

அம்மா பதறிப்போனாள். "ஐயையோ, என்ன மாமா, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தாத்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருவரும் சேர்ந்து சிரித்ததை நான் குளியலறையிலிருந்து கேட்டேன். அம்மா கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவர் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தார். வலி இல்லை, போராட்டம் இல்லை. முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் முழுதாகக் கலையவில்லை.

அம்மா அழவில்லை என்று சொல்ல மாட்டேன். அழுதாள். அழுதுவிட்டு எங்களிடம், "கடைசி வரைக்கும் அந்தக் காபி நிஜமாவே நல்லா இருந்துச்சா, இல்ல என்னைச் சீண்டினாரான்னு சொல்லாமலே போயிட்டார் பாரு" என்றாள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள்.

வீட்டில் ஆயிரம் வேலையைப் போட்டுவிட்டு இவ்வளவு நேரம் இருந்து கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், மேடை தந்த முதலாளியம்மாவுக்கும், அன்று ஓடி வந்து தாத்தாவின் உயிரைக் காத்த பாலிஷ்காரர் அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நடுநடுவே சிரித்தவர்களுக்கு இரட்டை நன்றி. தாத்தா இருந்தால் அவர்களைத்தான் முதலில் பார்த்திருப்பார். நெஞ்சு லேசாகி இறங்குகிறேன். நீங்களும் லேசான நெஞ்சோடு வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!